தேத்தண்ணி எடுக்கப் போன நேரம்

பெருமாள் அண்ணை காலமாகிவிட்டார் என்று வெள்ளாங்குளத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். ஒரு வாய்ச் செய்தியை நம்புகிறவள் அல்ல நான். இன்னும் இரண்டு பேருக்கு எடுத்துக் கேட்டேன். இரண்டாவதாக எடுத்தது அவருடைய மனைவிக்கு. "ஓம் ரீச்சர், உண்மைதான். விடியப்புறம் நெஞ்சு நோகுதெண்டவர்" என்றார் அவர். அந்த நேரத்திலும் அவரிடம் போய் உறுதி கேட்டேனே என்று கூசிப்போனேன்.

மலைநாட்டிலிருந்து வந்து வெள்ளாங்குளத்தில் குடியேறிய குடும்பம் அவர்களுடையது. வீட்டு முன்னறையில் அண்ணை வானொலி, மின்விசிறி, பாட்டுப்பெட்டி எல்லாம் திருத்துவார். "விழுத்திப்போட்டு, தானாப் பழுதாப்போச்சு எண்டுதான் எல்லாரும் கொண்டு வாறவை" என்று சொல்லிச் சிரிப்பார். ஒருவரையும் அதற்கு மேல் துருவிக் கேட்டதில்லை.

இலுப்பைக்கடவையில் எங்கள் கோயில் பாடகர் குழுவிடம் பழைய சிந்தசைசர் ஒன்று இருக்கிறது. ஊருக்கு அது ஓகன். இறந்துபோன என் அண்ணன் வாசித்தது. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுவதற்கென்று அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கிய பதினொரு சத்தங்கள் அதன் நினைவில் இருந்தன. அந்த நினைவைக் காப்பாற்றி வந்தது உள்ளே இருந்த காசளவு பற்றரி. அது தீர்ந்தால் அண்ணனின் சத்தங்களும் தீர்ந்தன. பற்றரி குறைகிறது என்று திரையில் எழுத்து வரத் தொடங்கியதும் பெருமாள் அண்ணையிடம் கொண்டுபோனேன்.

கொண்டுபோக முன், ஒவ்வொரு திருகாணித் தலையிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். எனக்குத் தெரியாமல் திறந்து நல்ல பாகத்தை மாற்றிவிட்டால் என்ன செய்வது? அவர் பொட்டுகளைப் பார்த்தார்.

"கலியாணத்துக்கே வெளிக்கிடுத்தினீங்கள், ரீச்சர்? சந்தேகமெண்டால் பக்கத்தில இருந்து பாருங்கோ. கதிரை இருக்கு."

இருந்தேன். கண் வெட்டாமல் பார்த்தேன். பழைய பற்றரியைக் கழற்ற முன், இரண்டு வயர் பிடித்து, சின்னத் தட்டொன்றில் இருந்த இரண்டு டோர்ச் பற்றரிகளோடு இணைத்தார். "புதுசு பூட்டுமட்டும் இது ரெண்டுதான் நினைவுக்குச் சாப்பாடு. தொட்டுப்போடாதைங்கோ" என்றார். பிறகு பழையதைக் கழற்றி மேசையில் வைத்தார். ஈயம் பற்றவைக்கும் கோல் சூடாகும் நேரத்தில் எனக்குத் தேத்தண்ணி எடுத்துவர உள்ளே போனார்.

தொடாதே என்றால் ஏன் என்று கேட்கிற பிறவி நான். நினைவுக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டு, காலாவதியான டோர்ச் பற்றரியைக் கொடுத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். சீனிப் பைக்கட்டிலும் திகதி தேடுகிற பழக்கம் எனக்கு. ஒன்றைத் தட்டிலிருந்து தூக்கித் திகதியைப் பார்த்தேன். திருப்பி வைத்தேன். அவ்வளவுதான்.

அவர் வந்து புதியதை ஈயம் வைத்துப் பூட்டினார். ஓகனைப் போட்டதும் திரையில் கிறுக்கல் எழுத்துகள் வந்தன. பதினொரு சத்தங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அண்ணன் இரண்டாம் முறை செத்துப்போனது போல் இருந்தது எனக்கு. பெருமாள் அண்ணை டோர்ச் பற்றரிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணி ஆறுது, ரீச்சர். குடியுங்கோ" என்றார்.

அந்த ஞாயிறு, எங்கள் சமயத்தவர் அல்லாத அவர் கோயில் வாசலுக்கு வந்து பங்குத்தந்தையிடம் சொன்னார்: "என்ர கை தவறிப்போச்சு, ஃபாதர். ரீச்சரை ஒண்டும் சொல்லாதைங்கோ." பாடகர் குழு கொதித்தது. அதன்பின் எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் அவரிடம் ஒரு மின்விசிறியைக்கூடக் கொண்டுபோகவில்லை. ஓகனைக் கெடுத்தவர் என்றே அவருக்குப் பெயராயிற்று. நான் வாய் திறக்கவில்லை. சும்மா கிடக்கிற பழியை யாராவது தூக்கித் தலையில் வைப்பார்களா, அவரும் எங்கோ பிழை விட்டிருப்பார் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆறு வருடம் அப்படியே போயிற்று.

செத்த வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், உண்மையில் புதுப் பற்றரிதான் போட்டாரா என்று பார்க்க ஓகனைத் திறந்தேன். செத்தவரையும் விடவில்லை என் சந்தேகம். புதுப் பற்றரிதான் இருந்தது. ஈயப்பற்று மணிபோல் இருந்தது. பக்கத்தில், மூடும்போது எனக்குத் தெரியாமல் அவர் ஒட்டியிருந்த தாளில் அவருடைய உருண்டை எழுத்து:

"அடுத்து மாற்றுபவருக்கு. பழையதைக் கழற்ற முன் இரண்டு டோர்ச் பற்றரி கொடுக்கவும். புதியது பூட்டும்வரை மேசையை விட்டு எழும்பக் கூடாது. நான் தேத்தண்ணி எடுக்கப் போனேன், அதனால்தான் சத்தங்கள் அழிந்தன. பிழை என்னுடையது. பெருமாள்."

ஒருவரும் பார்க்காத இடத்திலும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் எழுதி வைத்திருக்கிறார். திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இதைக் கொடுக்கிறேன். எங்கள் ஊரார் எல்லோரும் வாசிக்க வேண்டும். பெருமாள் அண்ணை ஓகனைக் கெடுக்கவில்லை. கெடுத்தவள் நான்.

அந்தத் தாளின் கீழே, "பற்றரியைத் தூக்கியது நான்" என்று எழுதிக் கையெழுத்து வைத்து ஓகனை மூடினேன். இம்முறை திருகாணிகளுக்குப் பொட்டு வைக்கவில்லை.

போய் வாங்கோ, அண்ணை.