ஏறுது, இறங்குது

பாலத்தின் உச்சிக்கு வந்ததும் ஆல்வீசே நின்றுவிடுவார். கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் கீழே கால்வாயை எட்டிப் பார்ப்பார். "ஏறுது" என்பார், இல்லாவிட்டால் "இறங்குது" என்பார். அதற்குப் பிறகுதான் மறுபக்கப் படியில் கால் வைப்பார். கடல் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது வெனிஸில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு பாலத்திலும் நின்று பார்க்கிற மனிதரை நெரினா வேறு எங்கும் கண்டதில்லை. படகுக்காரப் புத்தி, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆல்வீசே பயணிகள் படகில் கயிறு கட்டுகிற வேலையில் இருந்தார். துறைக்குத் துறை கயிற்றை வீசிக் கட்டி, கதவைத் திறந்து ஆட்களை இறக்கிவிட வேண்டும். நெரினா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டே வயதைக் கழித்தாள். வாய் திறந்து ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லை. ரொட்டிக்கடையில் யாராவது முந்திக்கொண்டால் பேசாமல் பின்னால் நகர்ந்து நிற்பாள். கல்யாணத்தன்று பாதிரியார் சம்மதமா என்று மூன்று தரம் கேட்டார். அவள் முதல் தரமே சொல்லியிருந்தாள், அவர் காதில்தான் விழவில்லை.

அவர்கள் நடக்க ஆரம்பித்தது ஊரைப் பார்க்க அல்ல. மாமியார் வீட்டில் இருந்தது ஒரே அறை, நடுவில் ஒரு துணித்திரை. புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் தெருவுக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் இதுவரை நுழையாத சந்து ஒன்றில் நுழைவார்கள்.

அப்போதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. பிறந்த ஊரே என்றாலும் ஆல்வீசேக்கு அதைத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்துதான் தெரியும். நெரினாவுக்குத் தெருப் பக்கம் மட்டும். ஒரே வீட்டுக்குக் கால்வாயில் ஒரு வாசல், சந்தில் ஒரு வாசல். அவள் சந்து வாசலில் நின்று, "இது யார் வீடு, சொல்லு பாக்கலாம்?" என்பாள். அவர் கண்ணை மூடி, எத்தனை திருப்பம் வந்தோம் என்று மனசுக்குள் படகை விட்டுப் பார்ப்பார். "பச்சைக் கதவு. படியில பாசி. ஜன்னல்ல ஒரு கிளிக்கூண்டு." சந்து நேராகத் தண்ணீரில் போய் முடிகிற இடங்களில் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பச்சைக் கதவுதான் இருக்கும். கிளிக்கூண்டும் இருந்துவிட்டால் அன்று முழுக்க அவரைப் பிடிக்க முடியாது.

வழியில் ஒரு மூலையில் இருந்த ஒயின் கடைக்காரன் பேப்பி அவர்களைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவான். "வந்துட்டாங்கப்பா வெளியூர்க்காரங்க. ஐயா, அம்மா, ஊரு புடிச்சிருக்கா? எப்ப ரயிலு?"

"ரயிலுக்கு நேரமிருக்கு, நீ ஊத்து" என்பார் ஆல்வீசே. நெரினா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மகள் மரீசா பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, கடலைத் தாண்டிக் கரையில் இருக்கிற மேஸ்த்ரேக்குப் போய்விட்டாள். போன வசந்தத்தில் அவளுடைய எதிர்வீடு காலியானது. லிஃப்ட் உள்ள வீடு. "மூணு மாடி ஏறி எறங்கிக்கிட்டு எத்தனை நாளைக்கு? இங்க வந்துருங்க" என்றாள். பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் போனார்கள். வீடு நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது, காரே ஓடாத ஊரில் நடந்து பழகிய ஆல்வீசே பேசிக்கொண்டே நடைபாதையிலிருந்து இறங்கித் தெருவின் நடுவில் நடக்க ஆரம்பித்தார். ஒரு கார் கிறீச்சென்று நின்றது. நெரினா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இது ரோடு" என்றாள் மரீசா, முகம் வெளுத்துப்போய்.

"அவன்தான ஒதுங்கிப் போகணும்? நாம நடந்துதான போறோம்?" என்றார் அவர்.

முடிவு என்ன என்று மகள் கேட்டபோது, "உங்கம்மா சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டார். நெரினா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் போக மனமில்லை. அவள் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட மரீசா, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு வந்து கடைசி வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அந்த ஞாயிறு காலை நெரினா, முதல் நாளே வெங்காயமும் வினிகரும் சேர்த்து ஊறவைத்த மத்தி மீனை மூடிவைத்துவிட்டு அவரோடு கிளம்பினாள். படியிறங்கி முதல் மாடியைத் தாண்டும்போது, அங்கே குடியிருந்த மாணவர்கள் காலி செய்துபோன வீட்டின் கதவு திறந்து கிடந்தது. பழைய சந்துகளில்தான் போனார்கள். முதல் பாலத்தில் ஆல்வீசே நின்றார். "இறங்குது" என்றார். அதே கால்வாயின் அடுத்த பாலத்தில் நின்று, மூச்சை இழுத்துவிட்டு, "ஏறுது" என்றார்.

நெரினா குனிந்து பார்த்தாள். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கல் ஈரமாக இருந்தது. இறங்குகிற தண்ணீர்தான் அப்படி ஈரத்தை விட்டுவிட்டுப் போகும். அவர் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார். புத்தி தடுமாறுகிறதோ?

"என்னய்யா, இப்பதான இறங்குதுன்ன?"

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் தண்ணியப் பாக்கல" என்றார்.

"பின்ன?"

"முட்டி. ஏறுறதுக்குள்ள உசுரு போகுது. சொன்னா அந்த லிஃப்டு வீட்டுல கொண்டுபோய்ப் போட்டுருவீங்க."

"எத்தனை நாளா இந்தப் பொய்யி?"

"முட்டிப் பொய்யி ரெண்டு வருசமா." அவர் லேசாகச் சிரித்தார். "அதுக்கு முந்தி வேற பொய்யி."

"அது என்ன?"

"மரீசா வயித்துல இருந்தப்ப உனக்கு மூச்சு வாங்கும். நில்லுன்னு சொல்ல வாய் வராது உனக்கு. அதான் நான் நின்னேன். ஏறுதா இறங்குதான்னு காலையில வீட்டை விட்டுக் கிளம்பறப்பவே எனக்குத் தெரியாதா, பைத்தியக்காரி?"

நெரினா தண்ணீரைப் பார்த்தாள். மேஸ்த்ரேயின் தெருக்கள் நினைவுக்கு வந்தன. சமதளமான, நேரான தெருக்கள். அங்கே நிற்பதற்கு ஒரு சாக்கும் கிடையாது. இவர் நிற்கிற இடத்தில் கார் வரும்.

"அங்க பாலமே இல்ல. நீ எங்கய்யா நிப்ப?" என்றாள்.

மதியம் மீனைப் பரிமாறிவிட்டு, உட்காராமலே சொன்னாள். "மரீசா, நாங்க வரல. முதல் மாடி காலியா கெடக்கு. வீட்டுக்காரம்மாகிட்ட நானே கேக்கறேன்."

"யாரு, நீயா கேக்கப்போற?" என்றாள் மகள். ஆல்வீசே தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் ரொட்டியை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

கேட்டாள். முதல் தரம் அந்த அம்மா காதில் விழவில்லை. இரண்டாம் தரம் விழுந்தது.

இப்போது முதல் மாடியில் இருக்கிறார்கள். மேல் வீட்டைவிடச் சின்னது, வெளிச்சமும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பேப்பி கடை வரைக்கும்தான் நடை, வழியில் இரண்டு பாலம். உச்சியில் முதலில் நிற்பது நெரினா. ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவள்தான் சொல்கிறாள்.