பொன்மணி டீச்சரின் தீர்ப்பு

ஜீன்ஸ் துணியில் கத்திரி வைப்பதற்கு முன் பொன்மணி டீச்சர் கண்ணை மூடிக்கொள்கிறார். உதடு மட்டும் அசைகிறது. பேன்ட் கொண்டுவந்தவர் எதிரே நின்று மணி பார்க்கிறார், சந்தில் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது, டீச்சருக்கு எதுவும் பொருட்டில்லை. கண்ணைத் திறந்த பிறகு மளமளவென்று வேலை நடக்கும். "ஆண்டவருகிட்டக் கேக்காம ஒரு துணியிலயும் கை வைக்க மாட்டேன் சார். எனக்கு என்ன தெரியும்? எல்லாம் அவரு குடுக்குற புத்திதான்" என்பார். இப்படிப் புத்தி வந்து வெட்டிய என் பேன்ட் ஒன்று கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதைச் சொல்லிக் காட்டினால், "அளவு குடுத்தது நீங்கள்லா?" என்று பழி என் பக்கம் திரும்பும்.

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கை ஒட்டி இருக்கிறது அவருடைய கடை. அதே கட்டடத்தின் மாடியில் நான் குடியிருக்கிறேன். சுக்கு நெடியில் புதிதாக வருகிறவர்கள் தும்மித் தீர்ப்பார்கள், டீச்சர் குண்டூசிகளைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டே சிரித்துப் பேசுவார். ஜிப் மாற்றுவது, பெரிய நைட்டியைச் சின்னதாக்குவது, வளர்ந்துவிட்ட பிள்ளையின் யூனிஃபார்ம் பாவாடை மடிப்பைப் பிரித்து நீட்டுவது, இவைதான் வேலை. நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வீட்டுக்காரர் கொச்சியிலேயே தேவரா என்ற இடத்தில் வெல்டர். இத்தனை வருஷம் கொச்சியில் இருந்தும் பேச்சில் திருநெல்வேலி துளியும் கரையவில்லை.

டீச்சர் என்ற பட்டம் பள்ளிக்கூடம் கொடுத்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் பின்னறையில் பாய் விரித்து, சபைப் பிள்ளைகளுக்கு அவர் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அவர்களுடைய பாட்டில் போயிற்று. மனப்பாட வசனத்தைத் தமிழில் ஒப்பிப்பார்கள், எழுதச் சொன்னால் மலையாள எழுத்தில் எழுதுவார்கள். டீச்சருக்கு மலையாளத்தில் ஓரெழுத்தும் தெரியாது. ஆனாலும் விரலை வரி வரியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, கம்பீரமாக ஒரு டிக் போடுவார்.

எந்தக் கதையில் தொடங்கினாலும் டீச்சரின் பாடம் ஓரிடத்தில்தான் போய் நிற்கும். "கணக்கு வரலியா? அவருகிட்டக் கேளு. என்ன செய்யன்னு தெரியலியா? கேளு. புத்தி கேட்டு வந்த யாரயும் அவரு போன்னு சொன்னதில்ல." ஒருமுறை அனில் என்ற பையன் எழுந்து, "ஞான் கேட்டு டீச்சரே, பரீட்சைக்கு ஒண்ணும் கிட்டியில்ல" என்று புகார் சொன்னான். "படிச்சியால?" என்றார். "இல்ல." "பொஸ்தகத்தத் தொறக்காதவனுக்கு அவரு எந்த வழியாலே குடுப்பாரு?" மாடியில் நானே சிரித்துவிட்டேன்.

அவருக்கு உயிரான கதை ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் வழக்காடிய கதை. ஒரு ராஜா, கடவுளிடம் சொத்து கேட்காமல் ஞானம் கேட்டவர். குழந்தையை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுங்கள் என்று அவர் சொன்னதும், பெற்றவள் பதறி, வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று அழுகிறாள். யார் தாய் என்று தெரிந்துவிடுகிறது. டீச்சர் இதைச் சொல்லமாட்டார், நடித்தே காட்டுவார். ராஜாவும் அவர்தான், இரண்டு பெண்களும் அவர்தான். வாளுக்குப் பதில் துணி வெட்டும் பெரிய கத்திரி. சபைப் பிள்ளைகளுக்கு அது தலைகீழ்ப் பாடம்.

சென்ற ஜூனில், பள்ளி திறந்த சமயம், அந்தக் கதைக்குப் பின்னறையிலேயே ஒரு வேலை வந்தது.

வகுப்பு முடியும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒரு குடை, நீலத் துணியில் மஞ்சள் வாத்துகள் போட்ட சின்னப் பிள்ளைக் குடை. இரண்டு பெண் பிள்ளைகள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அம்மு, சந்து முனையில் சாயாக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். கொச்சியிலேயே பிறந்தவள், வசனம் ஒப்பிப்பதில் முதல் ஆள், டீச்சரின் செல்லம். மற்றவள் இசக்கிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து குடும்பம் வந்து சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர்கள் சபையைச் சேர்ந்தவர்களல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போகிறார்களே என்று அம்மா பாக்கியலக்ஷ்மி அவளையும் அனுப்பி வைத்திருந்தாள். ராஜா கதையை அவள் கேட்டதே இல்லை.

"என்னோட குடையாணு டீச்சர்!"

"என்னுதுதான் டீச்சர். எங்கம்மா வாங்கித் தந்தது."

ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிக் குடைகள் இரண்டு இருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி உட்கார வைத்தார். கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்தக் காரியத்துல எனக்கு ஞானத்தைத் தாரும்" என்று சத்தமாகவே ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது கத்திரி கையில் இருந்தது.

"சரி. ரெண்டு பேரும் விடமாட்டிய. இதை ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி தாரேன்."

அம்மு உடனே கையை எடுத்துவிட்டாள். கண்ணில் நீர் நின்றது. "வேண்டா டீச்சர். வெட்டண்டா. அவளே எடுத்துக்கட்டும்."

இசக்கிசெல்வி கொஞ்சம் யோசித்தாள். "வெட்டுங்க டீச்சர். பெறவு தச்சுக்கிடலாம். எங்கம்மா முன்னமே ஒருக்க தச்சுருக்கு."

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கதை கண்ணெதிரே நடந்துவிட்டதே! டீச்சர் குடையை அம்முவின் கையில் கொடுத்தார். "பாத்தியளா பிள்ளைகளா? நான் சொல்லல, அவரு சொன்னாரு. கேட்ட ஒடனே குடுத்தாரு பாத்தியளா?" அவருடைய முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மாடிப்படியில் நின்று பார்த்த எனக்கும் நல்ல தீர்ப்பாகத்தான் பட்டது. இசக்கிசெல்வி அழவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள்.

மறுநாள் ஜிப் மாற்ற வந்தவர்களெல்லாம் இந்தக் கதையைக் கேட்டார்கள். நான் இரண்டு முறை கேட்டேன்.

அந்த வாரம் நடுவில் ஒரு சாயங்காலம், அம்முவின் அம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். இன்னொரு கையில் இரண்டு குடைகள், இரண்டிலும் மஞ்சள் வாத்து. "டீச்சரே, இது எந்தா சங்கதி? ஆட்டோச் சேட்டன் இப்பக் கொண்டுவந்து தந்துட்டுப் போறாரு, ஞாயித்துக்கிழம காலம்பறத்தே இவ அவரு வண்டியில மறந்து வச்சதுன்னு. அப்போ இந்த ரெண்டாவது குட யாரோடது?"

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நான் அங்கேயே நின்றேன். அம்மு தரையைப் பார்த்துக்கொண்டு முனகினாள். "குடயத் தொலச்சா அப்பா அடிக்கும்."

"அதுக்கு? நீதான வேண்டாம், அவளே எடுத்துக்கட்டும்னு சொன்ன?" என்றார் டீச்சர்.

"அந்தக் கதயில அப்படிப் பறஞ்ச ஆளுக்குத்தான கிட்டுச்சு?"

டீச்சர் அம்மாக்காரியின் கையிலிருந்து ஒரு குடையை வாங்கி விரித்தார். கம்பி நுனியில் துணி பிய்ந்த இடத்தில், நீலத் துணிமேல் கறுப்பு நூலால் போட்ட கைத்தையல். கோணல் மாணலாக, ஆனால் கெட்டியாக. அவர் அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் குடையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. வயிற்றுப் பிழைப்பே தையலாக உள்ளவர். முகம் வெந்து சிவந்துபோயிற்று. அம்முவைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "கூட்டிட்டுப் போங்க. அடிக்காதிய" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னிடம் வந்தார். "சார், ஒருக்க என்கூட வாரியளா? தனியாப் போவக் கூச்சமா இருக்கு."

மழை விட்டபாடில்லை. வாத்துக் குடையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சர் நனைந்தபடியே நடந்தார். என் குடைக்குள் வரச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வழியில் தெரிந்தவர்கள் "டீச்சரே" என்று கூப்பிட்டபோது முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கிடங்குகளுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்று அது. பாக்கியலக்ஷ்மி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பதறிப்போய், ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாக்கியலக்ஷ்மியின் கண் குடையிலிருந்து மகளிடம் போயிற்று.

"ஐயோ, நான் பிள்ளைய அடிச்சிட்டனே டீச்சர்! நீங்க சாமிகிட்டக் கேட்டுத்தான் சொன்னியன்னு பிள்ளைக பூராவும் சொல்லிச்சு. சாமி பொய் சொல்லுமா? இவதான் எங்கயோ தொலைச்சுப்புட்டு அடுத்தவ குடைக்கு ஆசப்படுதான்னு நெனச்சு, வெளக்குமாத்தால ரெண்டு வச்சுட்டேன்."

டீச்சர் இசக்கிசெல்வியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "எட்டி, உன் குடைதான்னு உனக்குத் தெரியும்லா? அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

பிள்ளை கதவோரம் நின்று கால் விரலால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். "மொதல்ல என்னுதுன்னுதான் டீச்சர் நெனச்சேன். ஆனா சாமியே சொல்லிட்டாருல்லா? அப்பம் என்னுது இல்லபோலன்னு இருந்துட்டேன்."

பாக்கியலக்ஷ்மி, "விடுங்க டீச்சர், அது கெடக்கு, சாயா போடுதேன்" என்று அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்தச் சாயாவைக் குடித்து முடிப்பது எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

திரும்பி வரும்போது டீச்சர் பாதி வழியில் ஒரு கிடங்கின் சுவரோரம் நின்றுவிட்டார். "என்னயப் பொய்க்காரின்னா தாங்கிக்கிடுவேன் சார். அவரயில்லா பொய்க்காரரா ஆக்கிட்டேன்? அந்தப் பிள்ள வாயாலயே அவரு சொன்னாரு, எங்கம்மா முன்னமே தச்சுருக்குன்னு. குடைய விரிச்சுப் பாத்தா தீந்துது. எனக்கு எங்க காது கேட்டுது? நாலு பிள்ளைக முன்னால ராஜாவா நிக்க ஆச. அம்முவுக்குத் திருட்டு வழி சொல்லிக் குடுத்தவளும் நான்தான்." சொல்லிவிட்டு, தெருவென்றும் பாராமல் அழுதார். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

சபையில் விசாரித்தவர்கள், சின்ன விஷயம், பிள்ளைகள் மறந்துவிடும், இதைப் பிள்ளைகளிடம் கிளறினால் இருக்கிற விசுவாசமும் போய்விடும் என்றார்களாம். அந்த வாரம் டீச்சர் துணி வெட்டும் வேலை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பித்தான் மட்டும் தைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்காது என்றே நினைத்தேன். ஆனால் காலையில் பாய் உதறும் சத்தம் கேட்டது. நான் இறங்கிப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. இசக்கிசெல்வி வந்திருந்தாள். அம்முவும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"போன வாரம் குடை விஷயத்துல தீர்ப்புச் சொன்னது ஆண்டவரு இல்ல" என்றார் டீச்சர். "நான். குடை இசக்கிசெல்வியோடதுதான். தப்புப் பூரா என்னுது. அம்முவ யாரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாது, பாத்துக்கிடுங்க."

அனில்தான் கேட்டான். "அப்போ டீச்சரே, நம்ம கேட்டாலும் தெய்வம் புத்தி தரில்லே?"

டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். "தருவாரு. இப்பமும் அதைத்தான் சொல்லுதேன். நான் கேட்டுட்டு, அவரு சொல்லுததுக்கு முன்னால நானே சொல்லிட்டேன். சொல்லிட்டு, அவரு பேரப் போட்டுட்டேன். கேக்கது லேசு. பெறவு சும்மா இருந்து, எதுக்க நிக்க பிள்ள என்ன சொல்லுதுன்னு காது குடுக்கணும். எனக்கு அது வரல."

பாட்டு இல்லாமல் வகுப்பு முடிந்தது. முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக டீச்சரின் முன்னால் போய் நின்றார்கள், அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். அம்முவின் தலையில் கை நெடுநேரம் இருந்தது. கடைசியாக இசக்கிசெல்வி வந்து, மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டீச்சரின் கை அவள் தலை வரைக்கும் போயிற்று, தொடவில்லை. அவர் ஸ்டூலை விட்டு இறங்கினார். பாயில் முழங்கால் போட்டு, அந்தப் பிள்ளையின் முன் தன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். ஒன்றும் நடக்காததைக் கண்டு இசக்கிசெல்வி கண்ணைத் திறந்தாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சரின் தலைமுடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்கு ஒன்றை மெல்ல எடுத்தாள்.