அவசரம் ஒன்றுமில்லை

ஜொகூரில் ரெங்கம் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு எதையும் அடக்கிச் சொல்லத் தெரியாது. லேசாகத் தலை வலித்தாலே, "அலமாக், மண்டை பொளக்குது, செத்தேன்" என்போம். அந்த வாயோடுதான் கல்யாணமாகி ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போனேன்.

முதல் வாரமே மானேஜரம்மா கூப்பிட்டுவிட்டார். சரக்கு தாமதமாக வந்ததற்கு 'வெரி பேட்' என்று மின்னஞ்சல் போட்டிருந்தேன். "அப்படி எழுதக்கூடாது. 'நாட் ஐடியல்' போதும். புரியவேண்டியவர்களுக்குப் புரியும்" என்றார். எனக்கு எரிச்சல். மோசத்தை மோசம் என்று சொன்னால் என்ன கேடு? ஆனாலும் பிடித்துக்கொண்டேன். தப்பு நடந்தால் 'நாட் கொயிட் ரைட்', கோபம் வந்தால் 'நாட் வெரி ஹேப்பி'. என் மின்னஞ்சல்களை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரருக்கு அனுப்பும் செய்தியிலும் அதே ஆங்கிலம்தான். "என்ன லா, வெள்ளைக்காரி ஆயிட்டியா?" என்று கேலி செய்வார்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஒரு சனிக்கிழமை, தன் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவர் துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் ஊருக்குப் போயிருந்தார். ஜொகூர் பாரு வீட்டில் நான் தனியாக இருந்தேன். மதியம் அடிவயிற்றில் வலி பிடித்தது. துணியில் ரத்தம். போனை எடுத்து அவருக்குச் செய்தி போட்டேன், விரல் பழகியதைத்தான் தட்டியது: 'நாட் ஃபீலிங் டூ வெல். நத்திங் அர்ஜென்ட்.' உடம்பு அவ்வளவு சரியில்லை, அவசரம் ஒன்றுமில்லை. 'ஓகே, ரெஸ்ட் எடு' என்று பதில் போட்டுவிட்டு அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கலாம். வீட்டுக்காரருக்குப் புரியும், வந்துவிடுவார் என்று படுத்துக் கிடந்தேன்.

இருட்டும் நேரத்தில் வந்தவர், என்னைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓடினார். குழந்தை தங்கவில்லை. முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

கட்டில் ஓரம் உட்கார்ந்து அந்தச் செய்தியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "முடியல, வாங்கன்னு தமிழ்ல போட்டிருந்தா, எல்லாத்தையும் அங்கேயே போட்டுட்டு ஓடி வந்திருப்பேனே" என்றார். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. யாராவது அதைப் பற்றி விசாரித்தால் அவர் முந்திக்கொண்டு, "பரவால்லங்க" என்று சொல்லிவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும், அப்படிச் சொல்லாதீங்க என்று நான் சண்டை போடுகிறேன்.