கிணற்றடியில் நான் பேசிய சட்டம்

புத்தூரில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டு மலரக்காவுக்கும் ஒரே பங்குக் கிணறு. கிணற்றடியில் பூச்சிமருந்து கலக்கக் கூடாது என்று பிரதேச சபை தீர்மானம் போட்டிருப்பதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

“அக்கா, இது கொழும்பிலை பதிஞ்ச மருந்து. நாட்டுச் சட்டம் விட்டதைச் சபை மறிக்கேலாது,” என்றேன். அவர் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

சென்ற மாதம் கிணற்றுக்கட்டின் மேல் வைத்து மருந்து கலக்கும்போது, திறந்த போத்தல் கைதவறிக் கிணற்றுக்குள் விழுந்தது. யாராவது கண்டார்களா என்றுதான் முதலில் சுற்றிப் பார்த்தேன். அந்த நேரம் மலரக்கா குடத்துடன் வந்தார். அவர் வாளியை இறக்கும்வரை வாய் திறக்காமல் நின்றேன். பிறகுதான், “அள்ளாதேங்கோ அக்கா, மருந்து விழுந்திட்டுது,” என்றேன்.

“எப்ப? காலமை அள்ளின தண்ணியைப் பேரன் குடிச்சவன்.”

“இப்பதான் அக்கா.”

அவர் வாளியை அப்படியே விட்டுவிட்டு, வெறுங்குடத்துடன் திரும்பிப் போனார்.

கிணற்றைப் பலமுறை இறைத்தேன். தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுத்தேன், பிழையில்லை என்றார்கள். இப்போது வாளியில் தண்ணீர் கொண்டுபோய்த் தோட்டத்தின் மறுகோடியில்தான் மருந்து கலக்கிறேன். சபைக்கு அந்த அதிகாரம் உண்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. மலரக்கா இன்னும் கோயில் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்.