தலைக்கட்டு

என் கணவர் இறந்த மறு வருடம், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கினார்கள், எதிர் வீட்டில் வாங்கினார்கள், எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஆண் இல்லாத வீடு தலைக்கட்டு ஆகாது, வரிக் கணக்கில் வராது என்பது எங்கள் சமுதாயத்து வழக்கம். வரி இல்லையென்றால் அந்தக் குடும்பமே ஊரில் இல்லை. நான் தென்காசியில் ஆசிரியை. அவர் இருந்தபோதும் என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

எங்களிடமும் வரி வாங்க வேண்டும் என்று கேட்க, மகள் ஊர்க்கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அதுவரை எந்தப் பெண்ணும் அங்கே உட்கார்ந்ததில்லை. நான் வாசலோரம் நின்றேன்.

“ஆம்பள இல்லாத வீடு எப்படித் தாயி தலக்கட்டு ஆவும்?” என்றார் தலைவர்.

“ஏன் மாமா, எங்க அம்மைக்குத் தல இல்லையா? தெனமும் எண்ண தேய்க்காளே, அது எதுல தேய்க்கா?”

இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் பெரியவர்கள் மன்னிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஆண் துணையில்லாத வீடுகள் இன்னும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டாள். மறுநாள் குழாயடியில் அவர்களில் ஒருத்தி, “ஏட்டி, நாங்க ஒன்ட்ட கேட்டமா? எங்களையும் எதுக்குச் சந்திக்கு இழுக்க?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில நாளில், குற்றாலம் ரோட்டில் பைக்கில் வந்த இருவர் அவளுடைய ஸ்கூட்டரை உதைத்துத் தள்ளினார்கள். முழங்கால் சில்லு உடைந்தது. சாரலில் வழுக்கி விழுந்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். “நான் இங்கன இருந்தா நீ தூங்க மாட்டம்மா” என்று கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டாள். இங்கே இருப்பதற்காகத்தான் அவள் சண்டையே போட்டாள்.

இப்போது பெண்கள் பேரிலும் வரி வாங்குகிறார்கள். குழாயடியில் முகம் திருப்பியவள்தான் முதலில் கொடுத்தாளாம்.

போன வாரம் தலைவர் பழத்தட்டோடு வந்தார். மகளிர் தினத்துக்குக் குற்றாலத்தில் சமுதாய விழா. பிளெக்ஸில் என் மகள் படம்.

“தடைய ஒடச்சது நம்ம புள்ளல்லா. பொன்னாட போத்தணும். வருவாள்லா?”

காபி கொடுத்தேன். “கால மடக்க முடியல அண்ணாச்சி. மேடப்படி ஏற மாட்டா.”

“அதனால என்ன? நீங்க வந்து வாங்கிக்கிடுங்க. இப்ப தலக்கட்டு நீங்கதான.”

தெருவில் யாரோ பைக்கை முடுக்கினார்கள். தம்ளரை எடுக்கப் போன நான் ஜன்னலுக்குப் போய் அது யாரென்று எட்டிப் பார்த்தேன். அவர் ஏனென்று கேட்கவில்லை.