மீதி அறுபத்தைந்து மார்க்

"முப்பத்தஞ்சு வாங்குனா பாஸுன்னா, மீதி அறுபத்தஞ்சு தப்பு எங்க போவுது டீச்சர்?" செங்கல்பட்டில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த காலத்தில் சுமதி கேட்ட கேள்வி இது. பாஸானால் போதும், உட்கார் என்றேன். அந்தச் சுமதி இப்போது மாமல்லபுரம் சாலையில் ஃபைபர் படகு செய்யும் பட்டறை நடத்துகிறாள். போன மாதம் அழைத்து, சனிக்கிழமை ஒரு படகைக் கரைக்குக் கொண்டுபோகிறோம், வந்து பாருங்கள் என்றாள். குரல் தயங்கியது. கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து காலை 6.40 மின்சார ரயில், பத்து ரூபாய். செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் கொளவாய் ஏரி ரயிலோடு கூடவே வரும். அந்த நேரத்தில் கைபேசியைப் பார்க்காதீர்கள். நிலையத்துக்கு வெளியே இட்லி, வடை நாற்பது ரூபாய். பிறகு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பேருந்து. ஊருக்கு நான்கு கிலோமீட்டர் முன்பே பட்டறை வாசலில் இறங்கினேன்.

உள்ளே கண்ணாடி இழையை அச்சில் பரப்பி, பிசின் பூசி, காற்று வெளியேற உருளையால் தேய்க்கிறார்கள். அடுக்கின் மேல் அடுக்கு. மாதம் இரண்டு படகு செய்த இடத்தில் இரண்டே வருடத்தில் மாதம் ஒன்பது கேட்டார்கள். அவசரத்தில் தேய்ப்பது குறைந்தது. அடுக்குகளுக்கு நடுவில் காற்று தங்கியது. மேலே பெயின்ட் அடித்ததும் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்துக் கஜேந்திரன் என்பவரின் படகு கடலில் பிளந்து, நான்கு பேர் தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தார்கள்.

அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யலாம் என்று சுமதியின் பங்குதாரர் சொல்லியிருக்கிறார். சுமதியோ அந்தப் படகு செய்த மாதத்தில் விற்ற ஒன்பதையும் திரும்ப வாங்கி, நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினாள். காற்று இருந்தால் சத்தம் பொத்தென்று விழும். இன்னும் மூன்று படகில் அப்படி விழுந்தது.

எனக்குக் கரும்பலகை நினைவுக்கு வந்தது. அதில் ஒரு தப்பை அழிக்க அரை நிமிடம். நாற்பது பிள்ளைகள் எழுதிக்கொண்ட பிறகு என்றால் நாற்பது நோட்டு. அதில் நான்கு நோட்டு, திருத்துகிற அன்றைக்குப் பள்ளிக்கே வந்திருக்காது.

கஜேந்திரனுக்குப் பதிலுக்குச் செய்த புதுப் படகு மினி லாரியில் முன்னே போக, நான் ஆட்டோவில் அவருடைய மீனவக் கிராமமான தேவனேரிக்குப் போனேன். ஏழு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். "ஓட்டப் படகு கம்பெனிக்கா வந்தீங்க?" என்றார் ஓட்டுநர். பெயர் அவ்வளவு தூரம் பரவியிருந்தது. கஜேந்திரன் இந்தப் படகை ஏற்காவிட்டால் கடற்கரையில் வேறு யாரும் இனி அவளிடம் வாங்கமாட்டார்கள்.

என் கணக்கு டீச்சர் என்று சுமதி சொன்னதும், கரையில் காத்திருந்த கஜேந்திரன் என்னைப் பார்த்தார். "இன்னா டீச்சரு, நீங்கதான் இந்தப் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தீங்களா? அப்ப மொதல்ல நீங்களே ஏறிக் குந்துங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சுமதி சிரிக்காமல் ஒரு ரூபாய் நாணயத்தை அவர் கையில் வைத்தாள். முக்கால் மணி நேரம் தட்டினார். பின்பக்கம் ஓரிடத்தில் நின்று, மறுபடி தட்டினார்.

"இங்க சத்தம் வேற மாதிரி கீதே."

"உள்ள கட்டை கீதுண்ணா. நம்பிக்க இல்லன்னா அறுத்துப் பாக்கலாம்."

"புதுப் படக அறுப்பியா?"

"நீ நடுக்கடல்ல பாக்கறதுக்கு, நான் இங்கயே காட்டிட்றேன்."

"அறு."

அறுத்தாள். பிஸ்கட் அளவுத் துண்டு. அடுக்குகள் இறுக்கமாக, ஒரு குமிழி இல்லாமல், பின்னால் கட்டையோடு ஒட்டியிருந்தன. கஜேந்திரன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓட்டய அடைச்சிக் குடும்மா. திங்கக்கெழம தொழிலுக்குப் போவணும்."

திங்கள் மதியம் சுமதி அழைத்தாள். நான்கு பேரும் போய்த் திரும்பிவிட்டார்களாம். இப்போது அவள் மாதம் நான்குதான் செய்கிறாள். அந்த அறுபத்தைந்து எங்கே போகும் என்று எனக்கு அன்று தெரியவில்லை. யாரோ அதில் ஏறிக் கடலுக்குப் போகிறார்கள்.

போக விரும்புவோருக்கு: தேவனேரியில் படகுகள் காலை ஒன்பதுக்குள் கரை திரும்பிவிடும், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். போகாதவர்கள், இன்று ஒரு ரூபாய் நாணயத்தால் உங்கள் வீட்டுத் தரையில் பத்து டைல்ஸைத் தட்டிக் கேளுங்கள்; அடியில் காற்று இருந்தால் சத்தம் மாறும்.