அம்மனுக்கு எடை கிடையாது

ராஃபேல் லோரியைப் பார்த்தே எடை சொல்வான். கலும்பாங் பக்கம், எங்கள் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், குலை ஏற்றி வரும் லோரிகளை எடைபோடுகிற மேடையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன். அந்த மேடையை நாங்கள் டிம்பாங் என்போம். லோரி வாசலில் திரும்பும்போதே டயர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து, "ஒம்போது டன்னு, கொஞ்சம் கூட" என்பான். மேடையில் ஏற்றிப் பார்த்தால் நூறு கிலோகூடத் தவறாது. இப்படி ஒருவன் இருந்தால் ஊர் அவனை மதிக்கும் என்று நினைப்பீர்கள். நாங்கள் அவனைக் கல்யாண வீடுகளில் கூப்பிட்டு, பெண்ணின் பெரியம்மா எத்தனை கிலோ என்று கேட்டுச் சிரித்தோம். அவனும் சிரிப்பான், பதில் மட்டும் சொல்ல மாட்டான்.

லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை அவனும் மனைவி மாடில்டாவும் மாதா கோயிலுக்குப் போவார்கள். ஆனால் எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு அன்னதான வெங்காயம் உரிக்க முதல் ஆளாக வந்து குந்துவதும் அவன்தான். வெங்காயம் உரிக்கிறவரைக்கும் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. ரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் வேற மதத்துக்காரன். அந்தக் கோயிலுக்குப் பதினோரு வருஷமாக நான்தான் செயலாளர், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தோட்டம் கை மாறியது. புது நிர்வாகம் ரதம் இழுக்க டிராக்டர் தர முடியாது என்று ஒரே வரியில் கடிதம் போட்டது. எங்கள் தலைவர் உடையப்பன் தோட்டங்களில் புல் வெட்டும் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தானே ஒரு பிக்கப் வண்டி வாங்குவதாகச் சொன்னார். வருஷமெல்லாம் புல் வெட்டும் இயந்திரத்தை ஏற்றலாம், திருவிழா அன்றைக்கு அம்மனை இழுக்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வண்டி பார்க்கப் போகும்போது விஷயம் தெரிந்த ஒருவன் கூட வந்தால் நல்லது, அதுவும் சும்மா வருகிறவனாக இருந்தால் ரொம்ப நல்லது. ராஃபேலைக் கூப்பிட்டார்.

"மொதல்ல ரதம் எவ்வளவு கனம்னு தெரியணும்ணே," என்றான் ராஃபேல். "அது தெரியாம வண்டி பாக்கப் போனா கடைக்காரன் சொல்றதத்தான் கேட்டுக்கிட்டு வரணும்."

சரியென்று ஒரு சனிக்கிழமை, ஆலை லீவில் இருந்தபோது, காலி ரதத்தை டிம்பாங்கில் ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன் தேங்காய் உடைத்தோம். ஆயிரத்து அறுநூற்று இருபது கிலோ. கமிட்டிக்காரர்கள் எல்லாரும் ஏதோ பரீட்சையில் பாஸானதைப் போலத் தலையாட்டினார்கள்.

"இது காலி எடை," என்றான் ராஃபேல். "சாமி ஏறும், குருக்கள் ரெண்டு பேரு, ஜெனரேட்டரு, பேட்டரி, பழத்தட்டு, பூ. எல்லாத்தயும் வச்சு ஒருக்கா ஏத்திப் பாத்துடலாம்."

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மனை லோரி எடைபோடும் மேடையில் ஏற்றுவதா? அவனுக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது. உடனே மாற்றிச் சொன்னான். "சரி, சாமி வேணாம்ணே. அந்தக் கனத்துக்கு ஒரு பத்துக் குலய ஏத்தி வைங்க. நமக்கு நம்பருதான வேணும்."

உடையப்பனின் முகம் சிவந்தது. "ஏன்டா, அம்மாவும் செம்பனக் குலயும் ஒனக்கு ஒண்ணா?"

"நான் அப்படிச் சொல்லலண்ணே."

"அம்மாவுக்கு எடையே கிடையாது. எழுதிக்க," என்றார் உடையப்பன் என்னைப் பார்த்து. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். கமிட்டிப் புத்தகத்தில் எழுதினேன்: ரதத்தின் எடை 1,620 கிலோ.

பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீன மீன் வியாபாரி பிக்கப் விற்கிறான் என்று கேள்விப்பட்டு உடையப்பனும் ராஃபேலும் நானும் போனோம். வெள்ளை வண்டி, நல்ல டயர், பின்னால் இழுவைக் கொக்கி. படகை ஏற்றின டிரெய்லரை இதில்தான் இழுத்தானாம். படகு எவ்வளவு என்று ராஃபேல் மலாயில் கேட்டான். இரண்டு டன் என்றான் சீனன். எவ்வளவு தூரம் என்று கேட்டான். படகுத்துறையிலிருந்து பட்டறைக்கு என்று சீனன் கையைக் காட்டினான். அங்கிருந்து பார்த்தாலே பட்டறை தெரிந்தது, நடுவில் ஒரு மேடு பள்ளம் கிடையாது.

ராஃபேல் வண்டிக்குள் ஏறி, டேஷ்போர்ட் பெட்டியிலிருந்து வண்டியின் புத்தகத்தை எடுத்தான். மீன் செதில் ஒட்டிய பக்கங்களைப் பிரித்துப் பிரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தான்.

"அண்ணே, இதுல ரெண்டு நம்பரு போட்டிருக்கான். பிரேக் இருக்கிற டிரெய்லருன்னா ரெண்டாயிரத்து ஐநூறு கிலோ இழுக்கலாம். பிரேக் இல்லாததுன்னா எழுநூத்தம்பது."

"நம்மளது எவ்வளவு? ஆயிரத்து அறுநூறு. ரெண்டாயிரத்து ஐநூறுக்கு உள்ளதான்லா."

"நம்ம ரதத்துல பிரேக் எங்கண்ணே இருக்கு?"

உடையப்பன் வண்டியைத் தட்டிக் காட்டினார். "வண்டில இருக்குல்ல பிரேக்கு. அது போதும்."

"இழுக்கிறது பெரிய விஷயம் இல்ல. எந்த வண்டியும் இழுத்துரும். நிறுத்தணும்ல. எறக்கத்துல ரதம் பின்னாலருந்து வண்டியத் தள்ளும். வண்டி எடையும் ரதத்து எடையும் கிட்டத்தட்ட ஒண்ணு. அப்ப யாரு யார இழுக்கிறது?"

"போலே, போலே," என்றான் சீனன், முடியும் முடியும் என்று. விற்கிறவன் வேறு என்ன சொல்வான். உடையப்பனுக்கு ராஃபேல் புத்தகத்தைப் பிரித்ததிலிருந்தே எரிச்சல். அவருடைய கவலையெல்லாம் வண்டியின் மீன் நாற்றத்தில் இருந்தது. அன்றைக்கே முன்பணம் கொடுத்தார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், மீன் ஏற்றிய வண்டி அம்மனை இழுக்கலாமா என்று ஒன்றேகால் மணி நேரம் விவாதித்தோம். மஞ்சள் தண்ணீரில் ஏழு தடவை கழுவுவது, எலுமிச்சம்பழம் நசுக்குவது, மூன்று நாள் வெயிலில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. கடைசியில் ராஃபேல் ஒரு தாளோடு எழுந்தான். அவன் கமிட்டியில் இல்லை, கதவோரம் நின்றிருந்தான். ரதம் போகும் வழியில் இருக்கும் பழைய ஆஸ்பத்திரி இறக்கத்தைப் பற்றிச் சொன்னான். எல்லாம் ஏறினால் ரதம் இரண்டாயிரத்து முந்நூறு வரும் என்றான். ரவாங்கில் ஒரு பட்டறையில் ரதத்துக்கு பிரேக் வைத்துத் தருவார்கள் என்றான். அது முடியாவிட்டால் பழையபடி முட்டுக்கட்டை ஆட்களையாவது சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்க விடுங்கள் என்றான்.

டிராக்டர் காலத்தில் நான்கு பேர் நீளக் கைப்பிடி வைத்த கட்டைகளோடு ரதத்தின் கூடவே வருவார்கள். இறக்கத்தில் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டு, இழுத்து, மறுபடி போட்டு, ரதத்தை மெதுவாக இறக்குவார்கள். அது லேசான வேலையில்லை, வருஷக்கணக்கில் பழகியவர்கள். இந்தத் தடவை அந்த நான்கு பேருக்கும் மஞ்சள் டீசட்டை கொடுத்து முன்னால் ஆட விடுவதென்று உடையப்பன் முடிவு செய்திருந்தார்.

"முன்னால பால்குடம் தூக்கிட்டு பொம்பளைங்க நடப்பாங்கண்ணே," என்றான் ராஃபேல். "அதத்தான் யோசிக்கிறேன். என் தலையில ஒண்ணும் விழப் போறதில்ல."

"அவ்வளவு பயமா இருந்தா நீயே ஒரு கட்டையத் தூக்கிக்கிட்டு வா," என்றார் உடையப்பன். "அம்மாவ நம்பாதவனுக்குக் கட்டதான் தொண."

சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் வரும்.

திருவிழா அன்று காலை பத்து மணிக்கு ரதம் கிளம்பியது. பிக்கப்பின் பின்னால் உருமி மேளக்காரர்கள் ஏழு பேரை ஏற்றினார் உடையப்பன். அவர்களுடைய எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, சொல்லக்கூடியவனைக் கட்டை தூக்க அனுப்பியாகிவிட்டது. உடையப்பனே வண்டி ஓட்டினார். முன்னால் நாற்பது பெண்கள் பால்குடத்தோடு நடந்தார்கள். நான் ரதத்துக்குப் பக்கத்தில் மைக் பிடித்துக்கொண்டு வந்தேன். ராஃபேலும் வந்தான், வலதுபுறச் சக்கரத்துக்குப் பக்கத்தில். கையில் ரப்பர் மரத்தில் அவனே செதுக்கிய இரண்டு கட்டைகள். கைப்பிடி வைக்கவில்லை. எடைபோடத் தெரிந்தவனுக்குக் கட்டை போடத் தெரியவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் மஞ்சள் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பழைய ஆஸ்பத்திரி இறக்கத்தில் பாதி தூரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பிக்கப்பின் பின்பக்கம் மெல்ல இடதுபுறமாக ஒதுங்கியது. பிரேக் விளக்கு எரிந்தபடியே வண்டி நகர்ந்தது. டயர் தார் ரோட்டில் தேயும் சத்தத்தைக் கேட்டுக் கடைசி வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் தலையில் குடத்தோடு ஓட முடியுமா? ராஃபேல் முதல் கட்டையைப் போட்டான். சக்கரம் அதைத் துப்பிவிட்டது. இரண்டாவதை அவன் போடவில்லை, குனிந்து இரண்டு கையாலும் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். ரதம் குலுங்கி நின்றது. கடைசிப் பெண்ணுக்கும் வண்டிக்கும் நடுவில் நான்கு அடி இருந்தது.

அம்மன் கழுத்து மாலைகூட நழுவவில்லை. "அம்மா தானா நின்னுட்டா," என்று யாரோ சொல்ல, பெண்கள் குலவையிட்டார்கள். அப்புறம்தான் ராஃபேலைப் பார்த்தார்கள். இடது கை வெளியே வந்துவிட்டது. வலது கை விரல்கள் கட்டைக்கும் டயருக்கும் நடுவில் இருந்தன. மேளம் நின்றது.

"அண்ணே, பின்னால எடுங்க," என்றான். கத்தவில்லை. டிம்பாங்கில் லோரி டிரைவரிடம் சொல்லும் அதே குரல். "அர அடி பின்னால தள்ளுனாப் போதும்."

எண்பது ஆண்கள் நின்றிருந்தோம். கை வைத்துத் தள்ளியிருந்தால் அரை அடி போயிருக்கும். நான்கைந்து பேர் ரதத்தில் கையும் வைத்துவிட்டார்கள். மேலிருந்து பெரிய குருக்கள், "பொறப்பட்ட ரதம் பின்னால போகக் கூடாது, ஊருக்கு ஆகாது," என்றார். வைத்த கைகள் திரும்பி வந்தன. உடையப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், மைக் என் கையில் இருந்தது.

"அண்ணே, பின்னால," என்றான் ராஃபேல் மறுபடியும்.

நான் மைக்கில் சொன்னேன். "முன்னால எடுங்க."

முன்னால் எடுத்தார்கள். சக்கரம் விரல்களோடு நிற்கவில்லை, முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. அவன் கத்தினது அப்போதுதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ரதம் டவுன் பக்கம் திரும்பியிருந்தது, நேரம் தவறக் கூடாதே. மாலையில் ரத்தம் பட்ட சக்கரத்துக்குப் பரிகார பூஜை செய்தோம். வேற மதத்துக்காரன் கட்டை தொட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று அன்னதானப் பந்தியிலேயே பேச்சு ஆரம்பித்தது. உடையப்பன் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அடுத்த வருஷம் வெங்காயத்தைக் கூலிக்கு ஆள் வைத்து உரித்தோம்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடையப்பன் ஒரு பை ஆப்பிள் கொடுத்தனுப்பியிருந்தார், அவருக்கு வேலையாம். ராஃபேலின் வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மாடில்டா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பையை வாங்கவில்லை.

"டாக்டரு சொன்னாரு," என்றாள். "மொத நசுங்குனது வெரலு மட்டுந்தானாம். அத்தோட விட்டிருந்தா கை தங்கியிருக்குமாம்."

நான் ஆப்பிள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"பின்னால எடுக்கச் சொல்லி இவரு கேட்டாராமே. அங்க நின்ன பொம்பளைங்க சொல்றாங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. ஒங்களுக்குக் கேட்டுச்சா இல்லயாண்ணே? அத மட்டும் சொல்லுங்க, நான் வேற ஒண்ணும் கேக்கல."

மேளம் நின்ற பிறகு அந்த இறக்கத்தில் ஒரு ஈ பறந்தாலும் கேட்டிருக்கும். அவன் இரண்டு தடவை சொன்னான், இரண்டு தடவையும் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா," என்றேன்.

மாடில்டா கணவனைப் பார்த்தாள். ராஃபேல் என்னைப் பார்த்தான். லோரி வாசலில் திரும்பும்போது டயரைப் பார்ப்பானே, அப்படிக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் நடந்ததை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன், அதுவும் நல்லதுதான்.

"ஆமா," என்றான் மாடில்டாவிடம். "மேளம் சத்தமாத்தான் இருந்துச்சு."

பிறகு இடது கையால் போர்வையை இழுத்து, இல்லாத கையை மூடிக்கொண்டான். நான் ஆப்பிள் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.